மழைக்கு முன் ஊசி: மட்டக்களப்புப் பட்டிகளும் கால்வாய் நோய்க்கு எதிரான உலகக் கூட்டும்

2014 இலங்கையில் கால்வாய் நோய் பெரிதாகப் பரவிய ஆண்டு. கிழக்கு மாகாணமும் தப்பவில்லை. நாக்கிலும் ஈறிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம், காய்ச்சல், நூல் நூலாக வடியும் வீணீர், நொண்டல், மடி வற்றுதல். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாடு வைத்திருக்கும் எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு மட்டும் ஒரு வரி: நீங்கள் கோமாரி என்பது இதைத்தான்.

அந்தப் பரவலில் கிடைத்த வைரஸின் மரபணுவைப் படித்தபோது, அது ஓ வகையில் இந்தியா-2001டி என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட மரபு எனத் தெரிந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் சுற்றிக்கொண்டிருந்த இந்த மரபு 2013இல் லிபியாவில் தலைகாட்டியது. 2014இல் துனிசியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனது. அடுத்த ஆண்டு லாவோசிலும் வியட்நாமிலும் பிடிபட்டது. இலங்கையில் நொண்டிய மாடும் துனிசியாவில் நொண்டிய மாடும் ஒரே குடும்பத்து வைரஸைச் சுமந்தன என்று சொல்வதற்கு, பல நாடுகள் மாதிரிகளை அனுப்பியிருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒருவர் அவற்றை ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த வேலையின் மையம் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில் உள்ள உலக உசாத்துணை ஆய்வுகூடம்.

நோயை அடையாளம் காண்பதில் உலகக் கூட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அதே நோயைத் தடுப்பதில் மட்டக்களப்பு ஏன் இன்னும் தடுமாறுகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கிலியின் பலவீனமான கண்ணி பாரிசிலுள்ள உலக அமைப்பிலோ பேராதனையிலுள்ள மத்திய கால்நடைத் திணைக்களத்திலோ இல்லை. மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்தின் விதைப்புக்கு முன் மாடுகள் வயலை விட்டு எழும்பி எங்கே போகின்றன, யாருடைய மாடுகளோடு கலக்கின்றன, அதற்கு முன் அவற்றுக்கு ஊசி ஏறியதா என்பதில் இருக்கிறது.

எதிரி எப்படிப்பட்டது

கால்வாய் நோய் வைரஸில் 7 வகைகள் உண்டு: ஓ, ஏ, சி, ஆசியா-1, தென்னாபிரிக்கப் பெயருடைய 3 வகைகள். சி வகை 2004க்குப் பிறகு உலகில் எங்கும் பிடிபடவில்லை. இதில் வில்லங்கம் என்னவென்றால், ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் மரபு மாறிக்கொண்டே போகும். பழைய ஊசி புதிய மரபுக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால்தான் ஆய்வுகூடங்கள் ஊசி மருந்தையும் வெளியில் திரியும் வைரஸையும் அடிக்கடி பொருத்திப் பார்க்கின்றன. அந்தப் பொருத்த அளவு (முழுப் பொருத்தம் 1) 0.3க்குக் குறைந்தால் ஊசியை மாற்ற யோசிக்கவேண்டும்.

தொற்றிய மாட்டில் அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். கொப்புளம் வெடிப்பதற்கு முன்னரே மூச்சிலும் எச்சிலிலும் பாலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே நொண்டல் கண்ணில் படும் நாளில் நோய் பக்கத்துப் பட்டிக்குப் போய்விட்டிருக்கும். குணமான மாடுகளிலும் கணிசமானவை தொண்டைக்குள் வைரஸை வைத்துக்கொண்டே திரியும், சில மூன்றரை ஆண்டு வரைக்கும். அவை எவ்வளவு தூரம் நோயைப் பரப்புகின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் உண்டு.

வளர்ந்த மாடு சாவது குறைவு. பொதுவாக 100க்கு 5ஐத் தாண்டாது. கன்றுகளின் கதை வேறு. வைரஸ் இதயத் தசையைத் தாக்கும்; நேற்று ஓடி விளையாடிய கன்று இன்று சுருண்டு கிடக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்தில் வெளிறிய கோடுகள் தெரியும், மருத்துவர்கள் அதைப் புலி இதயம் என்பார்கள். நாட்டு மாட்டில் நோய் பெரும்பாலும் மெல்லிசாக வந்து போகும், ஜேர்சி, பிரீசியன் கலப்பில் உக்கிரமாக வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. காட்டில் மேயும் 200 நாட்டு மாடுகளில் பத்துப் பதினைந்து நொண்டினால் பட்டிக்காரர் பெரிதாகக் கவலைப்படமாட்டார், 'மழைக்கு வாறதுதானே' என்று விட்டுவிடுவார். அதே வைரஸ் ஊருக்குள் வங்கிக் கடனில் வாங்கிய 3 கலப்பினப் பசுக்கள் உள்ள வீட்டுக்கு வந்தால் அந்தக் குடும்பத்தின் மாத வருமானம் போய்விடும். கடன் தவணையைக் கேட்டு வருபவருக்கு வைரஸின் வகையைச் சொல்லி என்ன பயன்?

மனிதருக்கு இதனால் பயமில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போடும் காய்ச்சல் வேறு வைரஸால் வருவது. தயிர் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: புளிப்பு ஏற ஏறக் குறையும் pH அளவு 6க்குக் கீழே போனால் இந்த வைரஸ் தாங்காது. அதனால் நன்றாகப் புளித்துக் கெட்டித்த எருமைத் தயிரால் நோய் பரவும் பயம் குறைவு. பயப்படவேண்டியது பச்சைப் பாலுக்கும், வீடு வீடாகப் போய்வரும் பால் கேனுக்கும், அந்த மோட்டார் சைக்கிளின் டயருக்கும்தான். சலவைச் சோடா கரைசலும் வினாகிரியும் வைரஸைக் கொல்லும். இரண்டும் ஊர்க் கடையில் கிடைக்கிறவை.

கூட்டு எப்படி உருவானது

1920இல் தெற்காசியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் தரித்தன. அவற்றோடு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய்) ஐரோப்பாவுக்குள் புகுந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 1924 ஜனவரியில் 28 நாடுகள் பாரிசில் கையெழுத்திட்டு ஒரு சர்வதேச அமைப்பை உண்டாக்கின. இன்று உலக விலங்குச் சுகாதார அமைப்பு என்ற பெயரில் இயங்குவது அதுதான். எந்த நாட்டில் நோய் வந்தாலும் மறைக்காமல் அறிவிப்பது என்பது அதன் அடிப்படை உடன்பாடு. கேட்க எளிது. அறிவித்த மறுநாள் உங்கள் இறைச்சியை எவரும் வாங்கமாட்டார்கள் என்பதால் செய்வது கடினம். 2025 ஜனவரியில் ஜேர்மனியில் ஒரு எருமைக் கூட்டத்தில் நோய் பிடிபட்டது, 1988க்குப் பிறகு அங்கே முதல் தடவை. அவர்கள் உடனே அறிவித்தார்கள். தென்கொரியா உடனே ஜேர்மன் பன்றி இறைச்சியை நிறுத்தியது.

ஐரோப்பா 1954இல் கால்வாய் நோய்க்கென்றே தனி ஆணையம் அமைத்தது. அது செய்த கெட்டிக்காரத்தனமான வேலை, 1962 முதல் ஐரோப்பாவை ஒட்டிய துருக்கியின் திரேஸ் பகுதி மாடுகளுக்கு ஊசி போட உதவியது. அயலவன் பட்டியைக் காப்பாற்றினால் தன் பட்டி தப்பும் என்ற கணக்கு. பல பத்தாண்டுகள் நோயின்றி இருந்த இந்தோனேசியாவுக்கு 2022 மே மாதம் நோய் திரும்பியபோது அவுஸ்திரேலியா ஊசி மருந்து அனுப்பியதும் இதே கணக்கில்தான். இதைத் தர்மம் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. சுயநலம் என்று ஒப்புக்கொண்டால்தான் இது நீடிக்கும்.

உலக உணவு விவசாய நிறுவனமும் விலங்குச் சுகாதார அமைப்பும் சேர்ந்து 2012 ஜூனில் பாங்கொக்கில் 15 ஆண்டு உலகத் திட்டம் ஒன்றை முன்வைத்தன. ஒவ்வொரு நாடும் படிப்படியாக ஏறவேண்டும்: முதலில் நோய் எங்கே, எப்படிப் பரவுகிறது என்று அறிவது, பிறகு அதிக ஆபத்துள்ள இடத்தில் ஊசி, பிறகு நாடு முழுவதும் பரவலை நிறுத்துவது. வைரஸ்களை 7 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இந்தியா, நேபாளம், பூட்டான், பங்களாதேசம் ஆகியவற்றோடு இலங்கை ஒரே வட்டாரத்தில் இருக்கிறது.

எனவே இந்தியாவில் நடப்பது நமக்கு முக்கியம். 2019இல் இந்தியா 13,343 கோடி ரூபா ஒதுக்கி, கால்வாய் நோய்க்கும் கன்று கலைக்கும் புருசெல்லோசிஸ் நோய்க்கும் எதிரான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. மாடு, எருமை, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் ஊசி. 2030க்குள் ஒழிப்பது இலக்கு. அது எந்த அளவுக்கு வெற்றி பெறுகிறதோ அந்த அளவுக்குப் பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கத்தின் பாரம் குறையும். திரேஸ் ஐரோப்பாவுக்கு எப்படியோ, அப்படித்தான் தமிழ்நாட்டு, ஆந்திரக் கரை நமக்கு.

வெக்கை நோய் சொன்ன பாடமும் சொல்லாததும்

கிழக்கில் வயதான மாட்டுக்காரர்களுக்கு இன்னொரு நோயின் நினைவு இருக்கும். 1940களிலேயே இலங்கையை விட்டுப் போயிருந்த வெக்கை நோய் 1987இல் திரும்பியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது என்பது கால்நடை ஆய்வாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். போர் நடந்த வடக்கு கிழக்கில் மாடுகளை எண்ணவே வழியில்லாத காலம். அப்படியிருந்தும் 1994க்குப் பிறகு இலங்கையில் அந்த நோய் இல்லை. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அதைச் செய்தோமே, இதையும் செய்யலாம்தானே என்று கூட்டங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நோய்கள் அல்ல. வெக்கை நோய்க்கு ஒரே வகைதான். ஒரு ஊசி போட்டால் மாடு சாகும்வரை பாதுகாப்பு. பிழைத்த மாடு வைரஸைச் சுமப்பதில்லை. பிற்காலத்தில் வெயிலைத் தாங்கும் ஊசி மருந்தும் வந்தது. ஐஸ் பெட்டி இல்லாமல் பாலைவனத்துக்குள்ளும் கொண்டுபோனார்கள். கால்வாய் நோயில் இந்த நான்கும் தலைகீழ். ஊசியின் பலன் 4 முதல் 6 மாதம். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டும்; சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். வெக்கை நோய்க்கு ஒருமுறை மூச்சைப் பிடித்து ஓடினால் போதுமாக இருந்தது. இதற்கு ஆண்டுக்கு இரண்டு தரம், ஆண்டாண்டாக ஓடவேண்டும். எந்த நாட்டின் நிதி அமைச்சுக்கும் பிடிக்காத செலவு இது.

மட்டக்களப்பில் மாடு நடக்கும் பாதை

இப்போது ஊருக்கு வருவோம். பெரும்போகத்துக்கு முன் விவசாயிகளின் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி, அவற்றோடு வயல் பகுதியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தவேண்டிய கடைசித் திகதி எல்லாம் அங்கே தீர்மானமாகும். அதன் பிறகு வயலில் மாடு நின்றால் சண்டை, பொலிஸ், தண்டம். ஆகவே ஒரு சில கிழமைக்குள் மாவட்டத்தின் பட்டிகள் மேற்கே காட்டோர மேய்ச்சல்தரைகளுக்கு எழும்பும். மயிலத்தமடு, மாதவணை போன்ற இடங்கள் அப்படிப்பட்டவை. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் தாள் மேய அதே மாடுகள் திரும்பி வரும்.

நோயியல் கண்ணோடு பார்த்தால், பல ஊர்ப் பட்டிகளை ஒரே தண்ணீரில் ஒன்றுசேர்த்து, மழையில் நனையவிட்டு, ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்ப எல்லா ஊருக்கும் பிரித்து அனுப்புகிறோம். இந்த வைரஸுக்கு ஈரமும் குளிர்ச்சியும் பிடிக்கும். இதைவிட வசதியான ஏற்பாட்டை அதற்கு எவரும் செய்து கொடுக்க முடியாது.

மேய்ச்சல்தரை சுருங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். மயிலத்தமடு, மாதவணையில் வெளி மாவட்டத்தவர் சோளமும் பிற பயிரும் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறவழிப் போராட்டம் தொடங்கினார்கள். மாடுகள் காயத்தோடு திரும்புவதாக முறையிட்டார்கள். அந்தப் பிரச்சினையை இனம், காணி, மகாவலி அதிகாரசபை என்ற கோணங்களில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கால்நடைச் சுகாதாரக் கோணத்தில் எழுதியவர்கள் மிகக் குறைவு. தரை பாதியானால் மாடு பாதியாகாது. அதே மாடு நெருங்கி நிற்கும், ஒரே மடுவில் குடிக்கும், விரட்டப்பட்டால் புதிய இடத்துக்கு ஓடிப் புதிய பட்டியோடு கலக்கும். அதோடு, அதிகாரிகளைக் கண்டாலே சந்தேகப்படும் நிலையில் இருக்கும் பட்டிக்காரர் 'என் மாட்டுக்கு வாய்ப்புண்' என்று வலியச் சென்று சொல்வாரா? 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அறிவிக்கச் சொல்கிறது. ஆனால் அறிவித்தால் பால் விற்பனை நிற்கும், மாடு விற்கப் போக்குவரத்து அனுமதி நிற்கும். இழப்பீடு வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் வாயைத் திறக்கவைக்காது. ஜேர்மனி துணிந்து அறிவித்ததற்கு அங்கே பண்ணையாளருக்கு நட்டம் கட்டும் ஏற்பாடு இருப்பதும் ஒரு காரணம்.

நிர்வாக எல்லை இன்னொரு தலையிடி. மயிலத்தமட்டுக்கு அப்பால் பொலன்னறுவை மாவட்டம், அதாவது வேறு மாகாணம். மாகாணசபைகளை உண்டாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாவட்டக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாகாணத் திணைக்களத்தின் கீழ். ஆராய்ச்சியும் தேசியக் கொள்கையும் பேராதனையில் உள்ள மத்திய திணைக்களத்தின் கையில். கிழக்கு மாகாணம் ஒரு மாதத்தில் ஊசி போட்டு, வடமத்திய மாகாணம் வேறு மாதத்தில் போட்டால், மாகாண எல்லைக்கு இரு பக்கமும் மேயும் மாடுகளுக்கு அதனால் அரைப் பலன்தான். பாங்கொக்கில் நாடுகளுக்குச் சொன்ன புத்தி இங்கே இரண்டு மாகாணங்களுக்கும் பொருந்தும்.

வியாபார வழியையும் மறக்கக்கூடாது. தமிழ்ப் பட்டியிலிருந்து வாங்கி முஸ்லிம் ஊர்களின் இறைச்சிக் கடைக்கும், ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் குர்பானுக்கும் மாடுகள் போகும். சிங்கள ஊர்களுக்கும் போகும், அங்கிருந்து வரும். நோய்க் காலத்தில் யார் மேலாவது பழி போட இந்த வழி வசதியாகிவிடுகிறது. பெருநாளுக்கு முன்கூட்டியே சுகாதாரச் சான்றிதழோடு வாங்கி, சில நாள் தனியாகக் கட்டிவைத்துப் பார்ப்பதுதான் உதவும். தடை போட்டால் மாடு பகலில் நின்று இரவில் போகும், அவ்வளவுதான்.

மாதிரி எடுக்கும் நேரம்

உலக ஆய்வுகூடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு வேண்டியது ஒரு கிராம் அளவு கொப்புளத் தோல். வெடிக்காத கொப்புளத்திலிருந்து, அல்லது வெடித்து ஓரிரு நாளுக்குள், கிளிசரின் கலந்த நடுநிலைக் கரைசலில் போட்டுக் குளிரில் வைத்து அனுப்பவேண்டும். ஒரு கிழமை தாண்டினால் புண் ஆறத் தொடங்கிவிடும். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மட்டும் தெரியும். நோய் வந்தது என்று அப்போதும் சொல்லலாம், எந்த மரபு என்று சொல்வது கடினம். காட்டுக்குள் இருக்கும் பட்டிக்கு மழைக்காலத்தில் வாகனம் போகாது, யானைப் பயம் வேறு. செய்தி வந்து வைத்தியர் போய்ச் சேருவதற்குள் நாக்குத் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருக்கும். உலக வரைபடத்தில் மட்டக்களப்புக்கு நேரே மாதிரி இல்லை என்று இருந்தால், நோய் இல்லை என்று அர்த்தம் கொள்ளக்கூடாது.

மாதிரி நேரத்துக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 டிசெம்பர் நல்ல உதாரணம். மாண்டஸ் புயலை ஒட்டிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. புது நோய் வந்துவிட்டது என்ற பீதி கிளம்பியது. பரிசோதனைக்குப் பிறகு குளிர் அதிர்ச்சியே காரணம் என்று அறிவித்தார்கள், பேச்சு அடங்கியது.

ஊசிக்கு எது சரியான மாதம்

என் வாதத்தின் நடைமுறைப் பகுதி இதுதான். முதல்முறை ஊசி போடும் மாட்டுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தரம் போடவேண்டும், பிறகு 6 மாதத்துக்கு ஒரு தரம். மட்டக்களப்பு மாடு ஆண்டுக்கு இரண்டு தரம் இடம்பெயர்கிறது, ஏறக்குறைய 6 மாத இடைவெளியில். இவ்வளவு தோதாக அமைந்த கணக்கைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு விளங்கவில்லை. ஆவணியில் முதல் ஊசி, புரட்டாசியில் இரண்டாவது. ஐப்பசியில் மாடு எழும்பும்போது எதிர்ப்புச் சக்தி உச்சத்தில் இருக்கும். மாடு திரும்பி வந்து ஊரின் கலப்பினப் பசுக்களை நெருங்குவதற்கு முன், மாசியில் அடுத்தது. மந்தையில் 80 வீதத்துக்கு ஊசி ஏறவேண்டும் என்பது உலகளவில் சொல்லப்படும் இலக்கு. 200 மாட்டுப் பட்டியில் கைக்கு எட்டிய 60க்குப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் பட்டியின் பெயரை எழுதுவதால் அந்த இலக்கு வராது. மாட்டுக்காலையில் அடைத்து, விடியப்புறம் அவிழ்த்துவிடும் முன் போடவேண்டும். அதற்குப் பட்டிக்காரர் ஒத்துழைக்கவேண்டும். அவருக்கு அன்றைய பால் கொஞ்சம் குறையும் என்பதை முன்பே சொல்லவும் வேண்டும். ஊசி போட்ட மாட்டில் பால் ஓரிரு நாள் குறைவதைக் கண்டு அடுத்த தரம் மாட்டை ஒளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆரம்பக் கூட்டத்தில் விவசாயத் திணைக்களம், நீர்ப்பாசனம், பிரதேச செயலகம் எல்லாம் உட்காருகின்றன. மாடு எழும்பும் திகதியைக் குறிக்கும்போதே ஊசித் திகதியையும் குறித்து, ஊசிச் சீட்டு உள்ள பட்டிக்கு மேய்ச்சல்தரையில் இடம் உறுதி என்று சொன்னால், பட்டிக்காரர் தானே வைத்தியரைத் தேடி வருவார். ஆனால் அந்த உறுதியைக் கொடுக்க முதலில் மேய்ச்சல்தரை எல்லையிட்டு வர்த்தமானியில் வரவேண்டும். கால்நடைத் திணைக்களத்தால் மட்டும் இதைச் செய்ய முடியாது. காணி, மகாவலி, மாவட்டச் செயலகம் மூன்றும் ஒரே மேசையில் அமரவேண்டும்.

செலவு யார் கட்டுவது என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நோய் நிரந்தரமாக உள்ள நாடுகளில் கால்வாய் நோயால் ஆண்டுக்கு 650 கோடி முதல் 2,100 கோடி அமெரிக்க டொலர் வரை இழப்பு என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதில் நம் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் ஊசிக்கும் குளிர்ச் சங்கிலிக்கும் வெளி உதவி கேட்பது எளிதாகும். உதவி தருபவர்கள் பெரும்பாலும் பயிற்சிப் பட்டறை தருவார்கள். இங்கே அவசரமாக வேண்டியது ஊசி அடிக்கவும் மாடு ஒதுங்கவும் மரத்தால் கட்டிய ஒடுக்குப் பாதைகள், சூரியச் சக்தியில் ஓடும் குளிர்ப்பெட்டிகள், பண்ணையாளர் சங்கங்களிடம் ஒப்படைக்க மாதிரிக் குப்பிகள். பட்டறைக்கு வந்தவர்கள் கையொப்பமிட்ட தாளைவிட இவற்றின் பட்டியலை அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு முன் மாகாணத் திணைக்களம் தயாரித்துக் கொடுத்தால் நல்லது. ஆவணிக்குள் வந்தால்தான் அந்தப் போகத்துக்கு உதவும்.